துறைக் குத்தகையும் பஸ் சேவையும்

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பகுதி தொடங்கித் தெற்கே கல்முனைப் பகுதி வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம் உடையது. அதன் கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்டுக் கிடக்கும் ஒடுங்கிய நிலத்தை எழுவான்கரை என்றும், மேற்கே வயலும் குளமும் மேய்ச்சற்றரையுமாக விரிந்து கிடக்கும் நிலத்தைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். ஞாயிறு எழும் கரை ஒன்று. படும் கரை மற்றொன்று. பெயரளவில் மட்டுமன்றி வாழ்க்கை வசதியிலும் இவ்விரு கரைகளும் வேறுபட்டன. பெருந்தெருவும், பெரிய கடைவீதிகளும், பெயர்பெற்ற கல்லூரிகளும் எழுவான்கரையிலும் வாவி சூழ்ந்த நகரிலும் அமைந்தன. நெல்லும் தயிரும் விறகும் காய்கறியும் படுவான்கரையிலிருந்து வந்தன. விளைபொருள் ஒரு கரையிலும் அதனை விலைப்படுத்தும் சந்தை மறு கரையிலுமாக அமைந்த நாட்டிலே, கடந்து செல்லுதல் என்பது பொழுதுபோக்கன்று; அதுவே பிழைப்பாகும்.

பொதுமக்கள் போக்குவரத்தை அரசாங்கமே நடத்துவதா, தனியாரிடம் ஒப்படைப்பதா, ஒப்படைப்பதாயின் எவ்வகை ஒப்பந்தத்தின் மூலம் ஒப்படைப்பது என்னும் வினா உலகெங்கும் நெடுங்காலமாக வாதிக்கப்பட்டு வருவதொன்று. தலைநகரங்களில் இது வரவு செலவுக் கணக்குப் பற்றிய வினாவாகத் தோன்றலாம். வாவிக்கரையிலோ, அதிகாலை நகரிலிருந்து புறப்படும் ஆசிரியர் முதல் மணி அடிக்குமுன் வெல்லாவெளிப் பக்கத்துப் பாடசாலையை அடைவாரா என்பதும், உயர்தர வகுப்புக்காகக் கரை கடந்து வரும் மாணவி இருட்டுமுன் வீடு திரும்புவாளா என்பதும் இவ்வினாவின் விடையையே பொறுத்துள்ளன. ஆதலின் இதனை ஆராய்தல் கல்வியாளர்க்கும் உரிய கடமையாகும்.

இவ்வாராய்ச்சியில் முதற்கண் தெளிய வேண்டியது ஒன்றுண்டு. வண்டி யாருக்குச் சொந்தம் என்பதே பெரும்பாலும் வாதப்பொருளாகின்றது. அதனினும் முதன்மையான வினா, வருவாய் தராத ஓட்டத்தின் நட்டத்தை யார் ஏற்பது என்பதாகும். அரசாங்கம் விற்பது கட்டணம் தண்டும் உரிமையா, அன்றி அது வாங்குவது குறித்த நேரத்துச் சேவையா என்னும் வேறுபாட்டிலேதான் இவ்வினாவுக்கு விடை கிடைக்கும். இவ்வேறுபாட்டை உணர்தற்கு வாவியின் பழைய துறைகளே நல்ல பாடமாக அமைகின்றன.

துறையும் ஆயமும்

பாலங்கள் அமையுமுன் இரு கரைகளையும் இணைத்தவை தோணித் துறைகளே. மண்முனை, குருக்கள்மடம், அம்பிளாந்துறை, குருமண்வெளி, மண்டூர் முதலிய ஊர்ப்பெயர்களைக் கேட்டவுடன் இப்பகுதி மக்களுக்குத் துறைகள் நினைவுக்கு வரும். தோணிகளுக்குப் பின், மாந்தரோடு வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் பெரிய மிதவைகள் ஓடலாயின. அவற்றைப் 'பாதை' என்றே இவ்வூரார் வழங்குவர். நீரின் மேல் நடக்கும் வழியைப் பாதை எனப் பெயரிட்டழைத்த இவ்வழக்கு, போக்குவரத்தின் உண்மைப் பொருளை ஒரு சொல்லில் அடக்கிவிடுகின்றது. வாவிக்கரை மக்களுக்கு அம்மிதவை வெறும் கலமன்று, வழியே ஆகும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கையின் துறைகளிலும் பாலங்களிலும் ஆயம் தண்டும் உரிமை ஏலத்தில் விடப்பட்டது. கூடிய தொகை கேட்டவர் குத்தகைக்காரர் ஆனார். சாராயக் குத்தகையும் நெல்வரிக் குத்தகையும் இம்முறையினவே. அரசாங்கத்துக்கு இதில் இரு நன்மைகள் இருந்தன: வருவாய் முன்கூட்டியே உறுதியாயிற்று, தண்டும் தொல்லையும் இல்லாதொழிந்தது. குத்தகைக்காரரின் நிலை வேறு. ஏலத்தொகையை முதலில் மீட்க வேண்டும். அதன்மேல் இலாபம் காண வேண்டும். மண்டூரிலும் கொக்கட்டிச்சோலையிலும் திருவிழா நடைபெறும் நாட்களில் பல முறை கரை கடப்பதும், ஆள் குறைந்த வேளையில் கலம் நிறையும் வரை காத்திருக்கச் செய்வதும் அவருக்கு ஆதாயமாகும். இது அவர் தீயவர் என்பதனால் நிகழ்வதன்று. அவர் விலை கொடுத்து வாங்கிய பொருள் கட்டணம் தண்டும் உரிமையே ஆதலின், நிகழக்கூடியதும் அதுவே. கரையில் காத்து நிற்பவரின் காலத்துக்கு அவ்வேலத்தில் விலையே குறிக்கப்படவில்லை.

பின்னர்ப் பாலங்கள் எழுந்தன. கல்லடிப் பாலம் 1924 இல் திறக்கப்பட்டது. அதன் அருகே புதிய பாலம் 2013 இல் திறக்கப்பட்டது. வலையிறவுப் பாலம் நகரை வவுணதீவோடும், பட்டிருப்புப் பாலம் களுவாஞ்சிகுடியைப் பழுகாமம், போரதீவுப் பக்கத்தோடும் இணைத்தன. ஜப்பானிய உதவியுடன் அமைந்த மண்முனைப் பாலம் 2014 ஏப்பிரல் மாதத்தில் திறக்கப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக மிதவைக்குக் காத்திருந்த துறை நெடுஞ்சாலையாயிற்று. இப்பாலங்களை அமைக்கும்போது, இவை இலாபம் தருமா என்று எவரும் கேட்டிலர். பாலம் பொதுநன்மைக்குரியது என்பது யாவர்க்கும் உடன்பாடு. ஆயினும் அப்பாலத்தின்மேல் ஓடும் பஸ் வண்டியைப் பற்றிப் பேசுமிடத்து மட்டும், அது தன் செலவைத் தானே தேடிக்கொள்ள வேண்டும் என்னும் வாதம் எழுகின்றது. வண்டி ஓடாத பாலம், சொந்த வாகனம் இல்லாத ஏழைக்கு வெறும் காட்சிப்பொருளே அன்றோ?

கம்பனிகளும் தேசியமயமும்

இலங்கையில் பஸ் சேவை தொடக்கத்தில் தனிப்பட்ட முதலாளிகளின் முயற்சியாக வளர்ந்தது. ஒரே தெருவில் பலர் போட்டியிட்டு ஓடியதனால் விபத்தும் பூசலும் மலிந்தன. இதனைச் சீர்செய்யும் நோக்குடன் 1942 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க ஒம்னிபஸ் சேவை உரிமக் கட்டளைச் சட்டம் பிறந்தது. ஒரு மார்க்கத்தில் ஒருவருக்கே உரிமம் என்னும் கொள்கையை அச்சட்டம் நிறுவியது. சிறு முதலாளிகள் பலர் ஒன்றுகூடிக் கம்பனிகளை அமைத்தனர். போட்டி ஒழிந்தது, அதன் இடத்தில் தனியுரிமை வந்தது. சில கம்பனிகள் பெருஞ் செல்வாக்குடையனவாயின. தென்மேற்கு பஸ் கம்பனியை நடத்திய சேர் சிறில் டி சொய்சா செனற் சபையின் தலைவராகவும் விளங்கினார் என்பது அச்செல்வாக்கின் அளவை உணர்த்தும்.

தனியுரிமை பெற்ற கம்பனிகள் மக்கட்கு ஏற்ற சேவை புரிந்தனவா என்னும் ஐயம் விரைவிலேயே எழுந்தது. 1948 இல் இரத்தினம் அறிக்கையும், 1954 இல் சன்சோனி அறிக்கையும், 1956 இல் ஜயரத்ன பெரேரா அறிக்கையும் இத்துறையை ஆராய்ந்தன. இவற்றின் வழியே தேசியமயக் கொள்கை வலுப்பெற்றது. 1957 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, 1958 சனவரி முதலாந் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை தொழிற்படத் தொடங்கியது. எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க பிரதமராகவும் மைத்திரிபால சேனநாயக்க போக்குவரத்து அமைச்சராகவும் இருந்த காலம் அது. எழுபத்தாறு கம்பனிகளின் சேவைகள் ஒரு சபையின் கீழ் வந்தன.

அச்சபையின் அடிப்படைத் தத்துவம் எளிது. கொழும்பு நகரத்து மார்க்கங்களிலும் பெருந்தெருக்களிலும் கிடைக்கும் உபரியைக் கொண்டு, காட்டோரக் கிராமத்து ஓட்டத்தின் நட்டத்தை ஈடுசெய்தல். கூட்டுக் குடும்பத்தில் உழைப்பவன் வருவாயால் உழைக்க இயலாதவனும் உண்பது போன்றது இது. பருவச்சீட்டுடன் மாணவர் பாடசாலை செல்ல இயன்றதும், வருவாய் குறைந்த கிராமங்கட்கும் சிவப்பு வண்டி சென்றதும் இத்தத்துவத்தின் பயனே. ஆயின் குடும்பத்தில் உழைப்போர் குறைந்து உண்போர் பெருகின் குடும்பம் தளர்வது போல, சபையும் தளர்ந்தது. வண்டிகள் பழுதாயின, உதிரிப்பாகங்கள் கிடைத்தற்கு அரியவாயின, அரசியற் சிபாரிசினால் ஊழியர் தொகை பெருகியது. பிரயாணிகள் மிதிபலகையில் தொங்கிச் செல்லும் நிலை சாதாரணமாயிற்று.

தனியார் மீண்டும் வந்த வரலாறு

1977 இல் ஏற்பட்ட ஆட்சிமாற்றத்தின் பின் பொருளாதாரக் கொள்கை மாறியது. 1978 இல் சபை பிராந்திய சபைகளாகப் பிரிக்கப்பட்டது. 1979 இல், எம். எச். முகம்மது போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது, தனியார் வண்டிகள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. பெருங் கம்பனிகள் இம்முறை வரவில்லை. ஒன்று அல்லது இரண்டு வண்டிகளை உடைய சிறு உரிமையாளரே பெரும்பாலும் வந்தனர். சேமிப்பையும் கடனையும் திரட்டி ஒரு வண்டி வாங்கி, அதனால் குடும்பம் நடத்திய உழைப்பாளிகள் இவர்களுட் பலர். 1990 ஐ அடுத்து அரசாங்க டிப்போக்கள் ஊழியர் பங்குடைய கம்பனிகளாயின. 1997 இல் அவை பிராந்தியக் கம்பனிகளாக ஒன்றுசேர்க்கப்பட்டன. 2005 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தினால் மீண்டும் ஒரே சபையாக, இலங்கைப் போக்குவரத்துச் சபை என்னும் பெயரில் அமைந்தன. இதற்கிடையே 1991 இல் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு நிறுவப்பட்டது. மாகாணங்களுக்கு இடைப்பட்ட ஓட்டங்களுக்கு அவ்வாணைக்குழுவும், மாகாணத்துள் நிகழும் ஓட்டங்களுக்கு மாகாண அதிகாரசபையும் அனுமதிப்பத்திரம் வழங்கலாயின.

தனியார் வருகையினால் விளைந்த நன்மையை மறுத்தல் நேர்மையாகாது. மட்டக்களப்பு-கல்முனைப் பெருந்தெருவில் வண்டிக்காக நெடுநேரம் காத்து நிற்கும் துன்பம் குறைந்தது. ஆயினும் நன்மை பெருந்தெருவோடு நின்றது. தனியார் வண்டி பிரயாணிகள் நிறைந்த மார்க்கத்தையும் நிறைந்த வேளையையும் நாடியது. அரசாங்க வண்டிக்கு எஞ்சியவை, பருவச்சீட்டு மாணவரும், வருவாயற்ற கிராமத்து ஓட்டமும், இரவு ஓட்டமுமே. எந்த உபரியைக் கொண்டு கிராமத்து நட்டம் ஈடுசெய்யப்பட்டதோ அவ்வுபரி பிறரிடம் சென்றது. நட்டம் மட்டும் சபையிடம் தங்கியது. பாலின்மேற் படர்ந்த ஆடையை ஒருவர் எடுத்துக்கொண்ட பின், எஞ்சிய பால் நீர்த்திருக்கின்றதே என்று பாற்காரனைக் குறை கூறுவது போன்றதே, சபையின் நட்டத்தை மட்டும் காட்டி அதனைப் பழிப்பது. கிழக்கிலோ இக்குறையோடு போரின் துன்பமும் சேர்ந்தது. 2007 வரை படுவான்கரைக்கான போக்குவரத்துப் பல காலம் தடையுற்றும் தட்டுத்தடுமாறியும் நடந்தது.

ஒரு கணக்கு

இந்நிலையை ஒரு கற்பனைக் கணக்கினால் விளக்கலாம். நகரிலிருந்து படுவான்கரைக் கிராமம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு நான்கு ஓட்டங்கள் தேவை எனக் கொள்வோம். எரிபொருள், சம்பளம், தேய்மானம் யாவும் சேர்த்து ஓர் ஓட்டத்தின் செலவு 6,000 ரூபா என்க. காலை ஓட்டத்தில் 9,000 ரூபாவும், முற்பகல் ஓட்டத்தில் 3,000 ரூபாவும், பாடசாலை விடும் வேளையில் 7,000 ரூபாவும், இரவு ஓட்டத்தில் 2,000 ரூபாவும் கட்டணமாகக் கிடைக்கின்றன என்க. நான்கு ஓட்டங்களையும் ஓடுபவர் 24,000 ரூபா செலவிட்டு 21,000 ரூபா பெறுவர். நட்டம் 3,000 ரூபா. காலையிலும் பாடசாலை விடும் வேளையிலும் மட்டும் ஓடுபவர் 12,000 ரூபா செலவிட்டு 16,000 ரூபா பெறுவர். இலாபம் 4,000 ரூபா. அதாவது, கடமையைப் பாதி செய்பவருக்கு இலாபமும் முழுதும் செய்பவருக்கு நட்டமும் வரும்படி அமைந்த ஏற்பாடு இது. இதில் யார் வண்டியை ஓட்டினும் முற்பகலில் மருத்துவமனைக்குச் செல்லும் முதியவரும், இரவில் திரும்பும் கூலியாளும் தெருவிலே நிற்பர்.

இனி இம்மார்க்கத்தை இருவகையாக ஒப்பந்தத்துக்கு விடலாம். முதல் வகை, பழைய துறைக் குத்தகை போன்றது. இம்மார்க்கத்தில் ஓடிக் கட்டணம் தண்டும் உரிமைக்கு யார் கூடிய தொகை தருவர் என ஏலங்கூறுதல். நாளொன்றுக்கு 1,000 ரூபா தருவேன் என ஒருவர் முன்வரலாம். அரசாங்கம் 1,000 ரூபா பெற்றதாக மகிழலாம். அவர் ஓடப்போவது இரு ஓட்டமே. இரண்டாம் வகை, நான்கு ஓட்டங்களையும் குறித்த நேரத்தில் ஓடுவதற்கு யார் குறைந்த தொகை கேட்பர் எனக் கேள்விமனு கோருதல். செலவு 24,000 ரூபாவும் நியாயமான ஊதியம் 2,000 ரூபாவும் சேர 26,000 ரூபாவுக்கு ஒருவர் இசைந்தால், கட்டணமாகச் சேரும் 21,000 ரூபா பொதுநிதிக்கு வரும்; பொதுநிதியின் நிகரச் செலவு 5,000 ரூபா. முதல் வகையில் அரசாங்கத்துக்கு 1,000 ரூபா வரவு. இரண்டாம் வகையில் 5,000 ரூபா செலவு. கணக்கேட்டில் முதலாவதே சிறந்ததாகத் தோன்றும். தெருவிலே நிற்பவரிடம் கேட்டால் எது சிறந்தது என்பது விளங்கும்.

இரண்டும் தனியார் ஒப்பந்தமே. ஆயினும் ஒன்று உரிமையை விற்றல். மற்றையது சேவையை வாங்குதல். தனியார்மயத்தை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி வாதிடுவதனாலேயே வாதம் முடிவின்றி நீள்கின்றது.

பிற நாடுகளின் அனுபவம்

இவ்விரு முறைகளையும் ஒரே நாட்டில் ஒருங்கே காணும் வாய்ப்பை இங்கிலாந்து அளித்தது. 1985 ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டத்தின்படி, 1986 ஒக்டோபரில் இலண்டனுக்கு வெளியே இங்கிலாந்தின் பிற பகுதிகளில் பஸ் சேவை கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டது. விரும்பியவர் விரும்பிய மார்க்கத்தில் ஓடலாயினர். இலண்டனில் மட்டும் மார்க்கங்கள் 1985 முதல் கேள்விமனு மூலம் ஒப்பந்தத்துக்கு விடப்பட்டன. அங்கே மார்க்கத்தையும் நேரத்தையும் கட்டணத்தையும் பொது அதிகாரசபை வகுத்தது, ஓட்டியவர் தனியார். நாளடைவில் இலண்டனின் முறையே மற்றைய நகரங்களால் விரும்பப்படுவதாயிற்று. மஞ்செஸ்ரர் பெருநகர் 2023 செப்தெம்பரில் தொடங்கி 2025 சனவரியில் தன் பஸ் சேவை முழுவதையும் பொதுக் கட்டுப்பாட்டின் கீழ் ஒப்பந்த முறைக்கு மாற்றியது.

சிங்கப்பூரும் 2016 இல் இவ்வழியே சென்றது. வண்டிகள் அரசாங்கத்துக்குரியன, கட்டணமும் அரசாங்கத்துக்கே செல்லும், ஓட்டும் நிறுவனம் தன் சேவைக்கு ஊதியம் பெறும். தமிழ்நாட்டில், சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் கீழ் 2025 சூன் மாத இறுதியில் 120 மின்சாரப் பேருந்துகள் ஒப்பந்த முறையில் ஓடத் தொடங்கின. ஓடிய தூரத்துக்கேற்ப ஒப்பந்தகாரர் பணம் பெறுவர். தொழிற்சங்கங்கள் இதனை எதிர்த்தன. நிரந்தர உத்தியோகம் குறைந்து ஒப்பந்தக் கூலி பெருகும் என்பது அவர்களின் அச்சம். அவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று.

இலங்கைக்கும் இம்முறை முற்றிலும் புதியதன்று. 2005 இல் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு மாணவர்க்கெனத் தொடங்கிய 'சிசு செரிய', கிராமங்கட்குரிய 'கெமி செரிய', இரவு நேரத்துக்குரிய 'நிசி செரிய' என்னும் சேவைகள், வருவாய் குறைந்த ஓட்டத்துக்கு அரசாங்கம் பணம் கொடுத்தல் என்னும் கொள்கையை ஏற்றவை. சபையின் வண்டிகளோடு தனியார் வண்டிகளும் இவற்றிற் பங்குகொண்டன. வருவாயற்ற ஓட்டம் ஒழிக்கத்தக்க குறையன்று, விலை கொடுத்து வாங்கத்தக்க சேவை என்பதை நாடு ஒருமுறை ஏற்றுக்கொண்டது என்பதற்கு இவையே சான்று.

இரு தரப்பு நியாயங்கள்

ஒப்பந்த முறையை ஆதரிப்போர் கூறுவன வருமாறு: அரசாங்க நிறுவனம் தன் செலவைத் தானே அறியாது, கேள்விமனுவில்தான் ஓர் ஓட்டத்தின் உண்மைச் செலவு வெளிப்படும். அரசியற் சிபாரிசினால் ஆட்கள் திணிக்கப்படுவதில்லை. ஒருவர் தவறின் மற்றொருவரை அமர்த்தலாம். நட்டம் எங்கே, எவ்வளவு என்பது மார்க்கந்தோறும் தெளிவாவதனால், பொதுப்பணம் எதற்குச் செலவாகின்றது என்பதை மக்கள் அறியலாம்.

எதிர்ப்போர் கூறுவனவும் ஆழ்ந்து நோக்கற்பாலன. ஒப்பந்தத்தை எழுதவும் கண்காணிக்கவும் வல்லமை உடைய அரசாங்கம், அவ்வல்லமையைக் கொண்டு தானே நன்கு நடத்தலாகாதா என்பது அவர்களின் முதல் வினா. ஒப்பந்தகாரர் செலவைக் குறைக்குமிடத்துச் சாரதியின் சம்பளத்தையும் ஓய்வையும் வண்டியின் பராமரிப்பையும் முதலிற் குறைப்பர் என்பது இரண்டாவது. நாளுக்கு இத்தனை ரூபா உரிமையாளருக்குக் கொடுத்து எஞ்சியதைத் தாம் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டில் வேலை செய்யும் சாரதியும் நடத்துனரும், தரிப்பிடத்தில் ஆள் சேரும் வரை நிற்பதும், பின்னர் முன்னே செல்லும் வண்டியை முந்த விரைவதும் நாடறிந்த காட்சி. சிறிய மாவட்டத்தில் கேள்விமனு போடத்தக்கோர் ஒரு சிலரே ஆதலின், அவர்கள் தம்முள் இசைந்து தொகையை உயர்த்தக்கூடும் என்பது மூன்றாவது. அரசாங்கம் பணம் கொடுக்கத் தாமதித்தால் ஒரு வண்டி உடைய ஏழை உரிமையாளர் ஒரு மாதமேனும் தாங்கமாட்டார். பெருமுதலாளியே தாங்குவார் என்பது நான்காவது.

இவ்வெதிர்ப்புகளுள் முதலாவதற்கு ஒருவகை விடை உண்டு. மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை முதலிய இடங்களில் சபையின் டிப்போக்கள் உள்ளன. அவற்றையும் ஒப்பந்த முறைக்கு உட்படுத்தலாம். இன்ன மார்க்கத்தில் இன்ன நேரத்தில் ஓடுக; நட்டத்துக்கு இத்தொகை தரப்படும்; ஓடாவிடின் தரப்படமாட்டாது என்னும் நிபந்தனை அரசாங்க வண்டிக்கும் தனியார் வண்டிக்கும் பொதுவாகலாம். அப்போது சபையின் நட்டம் ஊழலினால் வந்ததா, பொதுச்சேவையினால் வந்ததா என்பதும் வெளிப்படும். இவ்விரண்டையும் ஒரே தொகையாகக் கலந்து வைத்திருப்பது, சபையை வெறுப்போர்க்கும் சபையினுள் தவறு செய்வோர்க்குமே வசதியாகும்.

மற்றைய மூன்று எதிர்ப்புகளும் ஒப்பந்தத்தை விலக்குதற்குக் காரணங்கள் அல்ல. அதனைச் செம்மையாக எழுதுதற்குரிய எச்சரிக்கைகள். நேரசூசி ஓட்டந்தோறும் வரையறுக்கப்படல் வேண்டும். கடைசி ஓட்டம் தனியாகக் குறிக்கப்பட்டு, அது தவறின் கூடிய தண்டம் விதிக்கப்படல் வேண்டும். பணம் பிரயாணிகளின் தொகைக்கன்றி ஓடிய ஓட்டத்துக்கு வழங்கப்படின், ஆள் சேரும் வரை நிற்பதும் முந்தி ஓடுவதும் தாமே ஒழியும். சாரதிக்கும் நடத்துனருக்கும் மாதச் சம்பளமும் சேமலாப நிதியும் உண்டா என்பது கேள்விமனுவிலேயே வினவப்படல் வேண்டும். பருவச்சீட்டு மாணவரை ஏற்றுதல் கட்டாயமாதல் வேண்டும். ஒரு மாவட்டத்தின் மார்க்கங்கள் யாவும் ஒருவரிடமே சென்று சேராதபடி வரம்பு வகுத்தலும், ஒரு வண்டி உடையோர் கூட்டுறவாக இணைந்து கேள்விமனு இட வழிசெய்தலும் நன்று. அரசாங்கம் தன் பங்கைக் குறித்த நாளில் கொடுத்தல் இவை யாவற்றினும் இன்றியமையாதது. தான் தவறும் நிபந்தனையைப் பிறர்மேல் விதிக்கும் உரிமை எவர்க்கும் இல்லை.

முடிவுரை

திருவள்ளுவர் அரசியலிலே 'தெரிந்து வினையாடல்' என ஓர் அதிகாரம் வகுத்தார். தக்கவரை ஆராய்ந்து அவரிடம் வினையை ஒப்படைக்க வேண்டும் என்பதோடு அவர் நின்றாரல்லர். ஒப்படைத்த பின்னும் வினைசெய்வார் நெறி தவறாதபடி அரசு நாடோறும் நோக்க வேண்டும் என்பதும் அவ்வதிகாரத்தின் கருத்து. ஒப்படைத்தல் எளிது, நோக்குதல் அரிது. பொதுச்சேவையைத் தனியாரிடம் விட்ட அரசுகள் பலவும் இரண்டாவதில் சோர்ந்தே மக்களின் வெறுப்பைத் தேடிக்கொண்டன. தாமே நடத்திய அரசுகள் சோர்ந்ததும் அதிலேதான்.

இந்நோக்குதல் அதிகாரிகளுக்கு மட்டும் உரியதன்று. குறித்த வண்டி குறித்த நேரத்தில் வந்ததா என்பதைக் கொழும்பிலுள்ள அலுவலகத்தினும் நன்கறிவோர், நாள்தோறும் அவ்வண்டிக்குக் காத்து நிற்கும் ஆசிரியரும் மாணவருமே. படுவான்கரைப் பாடசாலை ஒன்றின் வரவுப் பதிவேட்டில் தாமத வரவுகளைப் பார்த்தால், அதுவே அம்மார்க்கத்தின் பஸ் சேவை பற்றிய அறிக்கையுமாகும். பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் ஓட்டங்களைக் குறித்து வைத்து மாதந்தோறும் உரிய அதிகாரசபைக்கு அனுப்பினால், ஒப்பந்தத்தில் எழுதிய எழுத்து உயிர்பெறும்.

மண்முனைத் துறையில் இன்று ஆயம் தண்டுவார் இல்லை. பாலத்தைக் கடப்பவர்க்கு அது யாருக்குச் சொந்தம் என்னும் நினைவும் எழுவதில்லை. எந்நேரமும் அது அங்கே உண்டு என்னும் நம்பிக்கையே போதுமானது. பஸ் சேவையும் அவ்வாறு நம்பத்தக்கதாகும் நாளில், அதனை நடத்துபவர் அரசாங்கமா தனியாரா என்னும் வாதம் தானாகவே சிறுத்துப்போகும். இரவு ஓட்டம் வரும் என்னும் உறுதியோடு கொக்கட்டிச்சோலை மாணவி மாலை வகுப்பில் இருந்து பாடம் கேட்பாளாயின், வாவியின் இரு கரைகளும் உண்மையிலேயே இணைந்தன எனலாம்.